வாடும் மரத்தில் துளையைத் தேடுவதற்கு முன்

மாசியில் வேம்பு இலையைக் கொட்டினால் போதும், வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் "மரத்துக்கு நோய் வந்துவிட்டது" என்ற பேச்சு கிளம்பிவிடும். பங்குனியில் தளிர் விட்டதும் பேச்சும் அடங்கும். மழைக்காலத்தை ஒட்டி வேம்பின் நுனிக்கிளைகள் கருகுவது வேறு. அது தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை, பெரும்பாலும் மரம் மீண்டும் துளிர்த்துவிடும். இவற்றை, வண்டு சுமந்துவரும் பூஞ்சையால் வரும் வாடல் நோயோடு குழப்புவதுதான் முதல் தவறு.

வாடல் நோயில் இலை எளிதில் உதிராது. பசுமையாக இருந்த கிளை சில வாரங்களில் பழுப்பாகி, காய்ந்த இலைகளைச் சுமந்தபடியே நிற்கும். அமெரிக்காவின் ரெட்பே மரங்கள் அப்படித்தான் செத்தன. 2002இல் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் துறைமுகம் அருகே, பொறியில் சிக்கிய 2 மில்லிமீட்டர் வண்டில் தொடங்கிய கதை அது. இந்தியாவும் அந்த வண்டின் பூர்வீகங்களில் ஒன்று. சரக்கோடு வந்த பேக்கிங் கட்டையில் அது கடல் கடந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கோடிக்கணக்கான மரங்கள் போயின.

அடுத்தது, துளையைக் கண்டதும் தீர்ப்பு எழுதுவது. இவ்வகை வண்டு இட்ட துளை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதிலிருந்து மரத்தூள் ஊதுவத்திச் சாம்பல் போல இழையாக நீண்டு, காற்று பட்டாலே உதிரும். விரல் நுழையும் துளை என்றால் வேறு பூச்சி. தூள் இழை இருந்தாலும் பொறுங்கள். நடைபாதைப் பணியில் வேர் அறுபட்டு, அடிமரம்வரை சிமென்ட் பூசப்பட்டு நலிந்த மரத்தையும் இவ்வகை வண்டுகள் பல தேடி வரும். வாடிய கிளையில் பட்டையைக் கத்தியால் சீவிப் பாருங்கள். வெளுப்பாக இருக்க வேண்டிய கட்டையில் கருமையான கோடுகள் ஓடினால்தான் சந்தேகம் வலுக்கும். உறுதிப்படுத்த ஆய்வகம் வேண்டும். பலர் நன்றாகக் காய்ந்த குச்சியை ஒடித்துக்கொண்டு போகிறார்கள். அதில் பூஞ்சையைப் பிரித்தெடுப்பது கடினம். கறையும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் வெட்டி, பிளாஸ்டிக் பையில் மூடி, வெயில் படாமல் அனுப்புங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது பாசம்தான், பயனில்லை. வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் பூஞ்சையை வளர்த்து அதைத் தின்கிறது. பூஞ்சையைத் தடுக்க மரமே தன் நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. வேரில் ஈரம் இருந்தும் உச்சி காய்வது அதனால்தான். துளையில் பூச்சிமருந்து ஊற்றுவதும் காலம் கடந்த வேலை.

வெட்டிய மரத்தை விறகுக்காக வேறு பேட்டைக்கு ஏற்றி அனுப்புவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. வண்டும் சேர்ந்தே பயணிக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய நமக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: பழைய பேக்கிங் கட்டைகள். வெளிநாட்டுச் சரக்கின் கட்டையை உட்புறம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது ஏற்கப்பட்ட முறைகளில் ஒன்று. பதப்படுத்தியதற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னமுள்ள முத்திரை இருக்கும். முத்திரை இல்லாமல் பட்டையும் ஒட்டியிருக்கும் கட்டையை, மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பூவரசின் அடியில் அடுக்கிவைக்காதீர்கள்.