ஈடிபஸ் நாடகத்தில் விதியையும் மனித விருப்பத்தையும் பிரித்து வாசிக்கும் முறை

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தை, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்ற முடிவோடு வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு, மேடையில் ஈடிபஸ் செய்யும் செயல்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே முதலில் கதையையும் நாடகத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். தந்தை லாயஸைக் கொன்றதும் தாய் யொகாஸ்டாவை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தவை. நம் கண்முன் நிகழ்வது அவற்றை அவன் கண்டறிவதுதான்.

அடுத்து, அப்பல்லோ தெய்வத்தின் கோயில் இருந்த டெல்ஃபியிலிருந்து வந்த அருள்வாக்குகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பாருங்கள். மகன் கையால் மடிவாய் என்பது லாயஸுக்கு வந்த வாக்கு. தன் பெற்றோர் யார் என்று கேட்கப்போன ஈடிபஸுக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை; தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற செய்தியே கிடைத்தது. தான் வளர்ந்த, பெற்றோர் என்று நம்பியவர்கள் வாழ்ந்த கொரிந்து நகருக்குத் திரும்பக் கூடாது என்று முடிவெடுத்தவனும், மூன்று பாதைகள் கூடுமிடத்தில் தன்னை அடித்த முதியவரை, அவர்தான் லாயஸ் என்று அறியாமல், சினம் பொங்கக் கொன்றவனும் அவனே. மூன்றாவது வாக்கு, ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் நகரின் கொள்ளைநோய் தீர லாயஸைக் கொன்றவனை அங்கிருந்து அகற்றுங்கள் என்று யொகாஸ்டாவின் உடன்பிறந்தவன் கிரியோன் கொண்டுவருவது.

இனி, 'போதும், நிறுத்து' என்று யாரேனும் அவனைத் தடுக்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால், இப்பகுதிகளை நிதானமாக, இயன்றால் வாய்விட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் பேச மறுக்கிறார். உண்மையை உணர்ந்துவிட்ட யொகாஸ்டா மேற்கொண்டு தேட வேண்டாம் என்று மன்றாடுகிறாள். ஈடிபஸின் பிறப்பு இரகசியம் அறிந்த முதிய இடையன் வாய் திறக்க அஞ்சுகிறான், அவன் கைகளை முறுக்கிக் கட்டச் சொல்கிறான் ஈடிபஸ். கொலைகாரனைத் தேடச் சொன்னது தெய்வம்தான். ஆனால் தன் பிறப்பையே துருவிப் பார்க்கும்படி எந்த அருள்வாக்கும் அவனுக்கு ஆணையிடவில்லை. சொல்லக் கொடியதன் விளிம்பில் நிற்கிறேன் என்று இடையன் தயங்கும்போது, கேட்கக் கொடியதே ஆயினும் கேட்டாக வேண்டும் என்கிறான் அவன்.

கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்தபின், உன்னைத் தூண்டிய தெய்வம் எது என்று பாடற்குழுவினர் வினவ, இத்துன்பங்களைக் கொண்டுவந்தது அப்பல்லோ, குத்திய கையோ என்னுடையது என்று ஈடிபஸ் விடை சொல்லும் வரிகளை இரண்டில் ஒன்றாகச் சுருக்கிவிடாதீர்கள். இங்கே தமிழ் வாசகர் மேலும் ஒரு கவனம் கொள்ள வேண்டும்: முற்பிறவியில் செய்த தீவினை வந்து பலித்தது என்ற ஊழ்வினைக் கருத்து இந்நாடகத்தில் இல்லை, எதனால் இவனுக்கு இந்தக் கதி என்ற கேள்விக்கு அத்தகைய கணக்கு எதையும் சோஃபக்ளீஸ் தரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' உதவும். ட்ராய் போருக்குப் புறப்பட்ட கிரேக்கப் படையின் கப்பல்களை ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் சினத்தால் எழுந்த காற்று தடுக்க, கீழ்ப்படியாமையும் கொடிது, மகளைப் பலியிடுவதும் கொடிது என்று படைத்தலைவன் அகமெம்னான் வாய்விட்டு எடைபோடுகிறான். பிறகு கட்டாயத்தின் நுகத்தை அவனே பூண்டுகொண்டான் என்கிறது பாடற்குழு.

இறுதியாக, சோஃபக்ளீஸ் மறைந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்துக்குச் செல்லுங்கள். அங்கே முதிய ஈடிபஸ், அறியாமல் செய்தேன், தாக்கியவனையே திருப்பித் தாக்கினேன் என்று கிரியோனை எதிர்த்து வாதாடுகிறான்; கண்களை அழித்துக்கொண்டது தன் பிழைக்கு மிஞ்சிய தண்டனை என்றும் அவனுக்குப் பின்னாளில் தோன்றியிருக்கிறது. முன் நாடகத்தில் தன் கை என்று அவன் ஏற்றுக்கொண்டதையும் இங்கே தன் குற்றமல்ல என்று மறுப்பதையும் அருகருகே எழுதி, அவன் மறுக்காமல் விட்டவை எவை என்று தேடுங்கள்.