வயல் மருந்தும் இறால் குட்டையும்: தண்ணீர் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறாலும் பூச்சியும் கணுக்காலிகள். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்கும் பல மருந்துகள் இறாலின் நரம்பையும் அதே விதத்தில்தான் தாக்குகின்றன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் 1 பிபிபிக்குக் (நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவாக இருந்தாலே இறால் சாகும். ஒரு ஏக்கர் குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்பது சுமார் 4,000 கன மீட்டர் தண்ணீர். அதற்கு 1 பிபிபி என்றால் வெறும் 4 கிராம் மருந்து.

நாகை, திருவாரூர் பக்கம் அடப்பாறு, அரிச்சந்திரா நதி வழியாகத்தான் வயல் வடிகால் கடலுக்குப் போகிறது. பண்ணை மோட்டார்கள் இழுப்பதும் அந்தக் கடைமடைத் தண்ணீரைத்தான். ஆனாலும் பி.எச்., அமோனியா, காரத்தன்மை மூன்றும் தண்ணீர் சோதனைக் கிட்டில் சரியாக இருந்தால் தண்ணீர் நல்லது என்று ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கிட் எதுவும் பூச்சிமருந்தைக் காட்டாது.

சம்பா பருவத்தில் மருந்து அடித்த ஓரிரு நாளில் மழை பெய்தால் வாய்க்காலில் வருவதுதான் மிக ஆபத்தான தண்ணீர். நன்னீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கும். மேல்மட்டத்தில் குழாய் வைத்தால் வடிகால் தண்ணீரையே தேர்ந்தெடுத்து இழுத்த மாதிரி ஆகிவிடும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு திடீரென இறங்கியிருந்தால் மோட்டாரை நிறுத்துங்கள். கடல் ஏற்றத்தின் பின்பாதியில், நடு ஆழத்திலிருந்து எடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புவது பெரிய தவறு. 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் ஏக்கருக்குச் சுமார் 240 கிலோ போடுவது, நோய் பரப்பும் நண்டு, சிற்றிறால்களைக் கொல்லத்தான். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் பிளீச்சிங்கின் குளோரின் பட்டால் அந்த மருந்து ஆக்சான் என்ற இன்னும் வீரியமான நஞ்சாக மாறும். சைபர்மெத்ரின் வகை களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தெளிய வைப்பது பலன் தரும்: தேக்கக் குட்டையில் நாலைந்து நாளாவது நிறுத்தி, அடிச்சேறு கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் வளர்ப்புக் குட்டைக்கு மாற்றுங்கள்.

நண்டைக் கொல்ல டைக்குளோர்வாஸ், டிரைக்குளோர்ஃபான் என்ற பூச்சிமருந்துகளை ஊற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. காரத்தன்மையுள்ள குட்டைத் தண்ணீரில் டிரைக்குளோர்ஃபான் டைக்குளோர்வாஸாகவே மாறும். இரண்டுக்கும் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை.

தண்ணீரில் சந்தேகம் இருந்தால் இறால் குஞ்சை வைத்தே பாருங்கள். 20 லிட்டர் வாளி இரண்டு. ஒன்றில் பிளீச்சிங் போடுவதற்கு முந்தைய வாய்க்கால் தண்ணீர், மற்றதில் நம்பகமான தண்ணீர். இரண்டிலும் உப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குஞ்சு உப்பு மாற்றத்தாலேயே சாகும். காற்று கொடுத்து, தலா 20 குஞ்சு விட்டு, 48 மணி நேரம் கவனியுங்கள். நல்ல தண்ணீரிலும் செத்தால் சோதனை செல்லாது.

கடைசித் தவறு, இறால் செத்ததும் வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் என்று முடிவு கட்டுவது. வெள்ளைப்புள்ளியில் சாவு நாள்கணக்கில் ஏறும். ஆக்சிஜன் குறைந்தால் இறால் விடியற்காலையில் மேலே வரும். தண்ணீர் ஏற்றிய சில மணி நேரத்தில் இறால் துடித்துச் சாய்ந்து, கூடவே நண்டும் செத்துக் கிடந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள். அன்றைக்கே ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரும் தனியாக அடிச்சேறும் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொண்டால் முடிவு குறைவாகத்தான் வரும்.