முட்டையிடலிலிருந்து குட்டி ஈனுதலுக்கு: பல்லியினத்தின் பரிணாமத்தை ஆராயும் முறை

முட்டையிட்ட மூதாதையரிடமிருந்து குட்டி ஈனும் பல்லியினங்கள் எப்படித் தோன்றின என்று அறிய விரும்புபவர், "இது முட்டையிடுமா, குட்டி போடுமா" என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, "கரு எவ்வளவு வளர்ந்த பிறகு தாயின் உடலை விட்டு வெளிவருகிறது" என்று கேட்கப் பழக வேண்டும். அந்த ஒரு கேள்வியே இத்துறையின் கதவைத் திறக்கிறது.

அதற்கு விடை காண, முட்டையிட்ட அன்றே கரு எந்நிலையில் உள்ளது என்று பாருங்கள். காட்டு முட்டைகளை உடைக்க வேண்டாம், அருங்காட்சியகங்களில் பதப்படுத்தப்பட்ட மாதிரிகளே போதும். பெரும்பாலான முட்டையிடும் இனங்களில் வளர்ச்சியின் மூன்றில் ஒரு பங்கே முடிந்திருக்கும். சுருண்டு கிடக்கும் சிறு உடலில் கால்கள் வெறும் மொட்டுகளாகவே தெரியும். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் வாழும் மூவிரல் அரணையின் முட்டையிலோ ஏறக்குறைய முழுமையடைந்த குட்டி இருக்கும். அது சில நாட்களிலேயே வெளிவந்துவிடும். அடுத்து ஓட்டின் தடிமனை அளவிடுங்கள். கருப்பைக்குள் நெடுநாள் தங்கும் கருவுக்கு ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். தடித்த ஓடு அதற்குத் தடையாகும். ஆகவே, முட்டை உள்ளே தங்கும் காலம் நீள நீள ஓடு மெலிந்து, இறுதியில் மெல்லிய சவ்வாக எஞ்சுகிறது.

ஒப்பிடுவதற்குத் தொலைவான உறவினங்களைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒரே இனத்துக்குள் இரு முறைகளும் உள்ளவற்றை எடுப்பதே நல்லது. வேறுபாடுகளுக்கு வேறு காரணம் தேடும் சிக்கல் அப்போது பெரிதும் குறையும். மூவிரல் அரணை சிட்னியை ஒட்டிய தாழ்நிலங்களில் முட்டையிடுகிறது, வடக்கே குளிர்ந்த மேட்டுநிலங்களில் குட்டி ஈனுகிறது. ஒரே கருவுறுதலில் ஒரு பெண் அரணை மூன்று முட்டைகளை இட்டு, சில வாரங்களுக்குப் பின் ஓர் உயிருள்ள குட்டியையும் ஈன்றதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. இந்த மாற்றத்தை இவ்வளவு அருகில் காட்டும் வேறொரு சான்றை நான் அறியேன். ஐரோப்பாவின் பொதுப்பல்லி என்னும் இனம் பெரும்பாலான இடங்களில் குட்டி ஈனுகிறது. பிரான்சின் தென்மேற்கிலும் ஸ்பெயினின் வடக்கிலும் முட்டையிடுகிறது. இவ்விரு வகைகளையும் ஆய்வகத்தில் கலந்தபோது பிறந்த கலப்பினப் பெண்களிடம், முட்டை தங்கும் காலமும் ஓட்டின் தடிமனும் இரண்டுக்கும் இடைப்பட்டவையாக இருந்தன.

வாழிடத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மண்ணில் புதைந்த முட்டை மெதுவாக வளரும். வெயில் காயும் தாயின் வயிற்றிலோ கருவுக்கு வேண்டிய வெப்பம் கிடைக்கும். எனினும், வெப்ப நாடுகளிலும் குட்டி ஈனும் இனங்கள் உண்டு என்பதால், குளிரை மட்டுமே காரணமாகக் கொள்ளாதீர்கள். தாய் வெப்பநிலையைத் தானே சீராக வைத்துக் குட்டிகளின் தரத்தைக் கூட்டுகிறாள் என்ற விளக்கமும் இருக்கிறது.

குட்டி ஈன்றாலே நஞ்சுக்கொடி வழியாக முழு உணவும் ஊட்டப்படுகிறது என்று எண்ணுவது புதிதாக வருவோர் பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான இனங்களில் மஞ்சள்கருவே இன்னமும் முதன்மை உணவு. தென் அமெரிக்காவின் மபூயா அரணைகள் போன்ற மிகச் சிலவற்றில் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, கருவின் உணவு ஏறத்தாழ முழுவதும் தாயின் உடலிலிருந்தே வருகிறது.

இறுதியாக, சேர்த்த தரவுகளை, இனங்களின் உறவுமுறையைக் கிளைகளாகக் காட்டும் பரிணாம மரத்தில் பொருத்துங்கள். பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய தொகுதியில் குட்டி ஈனுதல் நூறு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியுள்ளது என்பதே பரவலான கணிப்பு; இன்றைய ஆமை, முதலை, பறவை இனங்களிலோ ஒருமுறைகூடத் தோன்றவில்லை. மரத்தின் ஒரு கிளையில் குட்டி ஈனும் இனங்களுக்கு நடுவே முட்டையிடும் இனம் ஒன்று தென்பட்டால், அது பழைய நிலைக்குத் திரும்பியதா, அண்டையினங்கள் தனித்தனியே மாறினவா என்பதை மரத்தின் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஓட்டின் அமைப்பையும் கருவின் நிலையையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.