பிரிக்கச் சொன்னால் குழப்பினார்கள்: கொட்டானில் சரிசெய்த விதம்

சின்னப் பிள்ளைகள் முன் நிறம், வடிவம், அளவு மூன்றும் மாறும் சாமான்களை ஒன்றாகக் கொட்டி "பிரி" என்று நான் சொன்னதுதான் தவறு. 4 வயதுப் பிள்ளை சிவப்பில் தொடங்கி, நடுவில் வட்டத்துக்குத் தாவிவிடும். கவனக்குறைவு இல்லை அது. எதைப் பார்த்துப் பிரிப்பது என்பதே பிடிபடவில்லை.

ஒரே அளவுப் பெரிய பொத்தான்கள் எடுத்தேன்: சிவப்பு 6, மஞ்சள் 6. இரண்டு கொட்டானிலும் (பனையோலையில் முடைந்த சிறு கூடை) மாதிரிக்கு ஒன்று போட்டு, "இது எதோட சேரும்?" என்று கேட்டேன். கொட்டான் சாயம் போடாததாக இருக்கட்டும். செட்டிநாட்டு வண்ணக் கொட்டான் அழகுதான், ஆனால் பிள்ளை ஓலையின் நிறத்தைப் பார்த்துப் போட்டுவிடும்.

நிறம் பழகியபின் சோழி, புளியங்கொட்டை என வகை பார்த்துப் பிரிக்கலாம். விதி மாறும்போது கொட்டானைக் காலிசெய்து புது மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய விதியிலேயே நிற்பார்கள். 3 வயதுக்குள் என்றால் சின்னச் சாமான்களை வாயில் போடுவார்கள், பிரிக்கச் சிரட்டையும் கரண்டியும் போதும்.