வெயில் வந்தால் மோட்டார் தானாக ஓட: சோலார், பேட்டரி, ஹோம் அசிஸ்டன்ட் இணைக்கும் முறை

எங்கள் வீடு மதுரை திருமங்கலம் பக்கம். மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு, மாடிப்படிக்குக் கீழே ஒரு 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று. எல்லாம் மாட்டி மூன்று மாதம் ஆன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். காலை பதினொன்றரைக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் வெயில் கிரிடுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்குப் போகிறது. அம்மாவோ விடியற்காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறார். வாஷிங் மெஷின் ராத்திரி ஒன்பதுக்கு ஓடுகிறது. நான் வேலை முடிந்து வந்ததும் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடுகிறேன். வெயில் ஒரு நேரம், வேலை இன்னொரு நேரம்.

இன்னொரு பேட்டரி வாங்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது தேவையில்லை, வேலைகளைப் பகலுக்கு நகர்த்தினாலே போதும் என்று தெரிந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. பேனல் சாய்வு, ஸ்ட்ரக்சர், எர்த்திங் பற்றி எழுதவில்லை; அதெல்லாம் இன்ஸ்டாலர் வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அதை யாராலும் ஆஃப் செய்ய முடியாது. அந்த ஒயரில் கை வைக்காதீர்கள்.

முதலில் கணக்கு

சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வைத்திருந்தால், கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு நம் வீட்டு மின்சாரம் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் வீடு ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் சுமார் 12. பேனலில் எழுதியிருக்கும் வாட் முழுதாக வராது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது 25 டிகிரிக்குக் கணக்கிட்ட எண். சித்திரை மதியத்தில் பேனல் 65 டிகிரி வரை சுடும், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று குறைந்துகொண்டே வரும். 3,240 வாட் மாட்டியிருக்கும் எங்கள் வீட்டில் நல்ல மதியத்தில் 2,500 பார்த்தாலே சந்தோஷம்.

பேட்டரி அளவுக்கு என் வழி இதுதான்: கரண்ட் போன ராத்திரியில் எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுக்கு நான்கு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் வகை), ஃபிரிட்ஜ், சில லைட், ரவுட்டர் சேர்த்து சுமார் 300 வாட். எட்டு மணி நேரத்துக்கு 2.4 யூனிட். எங்கள் பேட்டரி 5.12 யூனிட், கீழே 20 சதவீதம் விட்டுவிட்டாலும் 4 யூனிட் கையில் இருக்கும். தாராளம். நெட் மீட்டர் உள்ள வீட்டில் கிரிடுக்குப் போன யூனிட்டைப் பில்லில் கழிக்கிறார்கள். அதனால் பேட்டரியின் முதல் வேலை கரண்ட் கட்டைத் தாங்குவது. அதற்கு மேல் பெரிதாக வாங்கும் பணத்தை பிஎல்டிசி ஃபேனில் போடுங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் அது 30 வாட்தான் எடுக்கும்.

மானியத்தைப் பலரும் கேட்கிறார்கள். 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இது பேனலைக் கணக்கிட்டு வருவது, பேட்டரிக்குத் தனியாகக் கிடையாது. ஹைபிரிட் போடப் போகிறீர்கள் என்றால் மாடலைச் சொல்லி செக்‌ஷன் ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர், அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற, வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் சாஃப்ட்வேர். மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு சீக்கிரம் போய்விடும். சின்ன எஸ்எஸ்டி ஒன்று போதும். அப்புறம் யுஎஸ்பி-யிலிருந்து ஆர்எஸ்485க்கு (இன்வெர்ட்டர் தன் எண்களைச் சொல்லும் ஒயர் இணைப்பு) மாற்றும் அடாப்டர். ஐசொலேஷன் (இரண்டு பக்க மின்சாரமும் கலக்காத பிரிப்பு) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. சுவிட்சுகளுக்கு, டாஸ்மோட்டா அல்லது ஈஎஸ்பிஹோம் (இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இயங்க வைக்கும் சாஃப்ட்வேர்கள்) ஓடும் ஸ்மார்ட் ரிலேக்கள். கம்பெனி ஆப் இல்லாவிட்டால் வேலை செய்யாத எதையும் நான் வாங்குவதில்லை.

இன்வெர்ட்டரோடு வந்த வைஃபை ஸ்டிக் இருக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. எங்கள் வீட்டு ஸ்டிக் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் கம்பெனி சர்வருக்குத் தகவல் அனுப்பும். நடுவில் ஒரு மேகம் வந்து போனது கூடத் தெரியாது. இன்டர்நெட் போனால் அதுவும் இல்லை. ஆர்எஸ்485 ஒயரில் பத்து விநாடிக்கு ஒரு முறை வீட்டுக்குள்ளேயே படிக்கலாம்.

ஒயர் இழுப்பது

இன்வெர்ட்டரின் அடியில் ஒரே மாதிரி இரண்டு மூன்று சாக்கெட் இருக்கும், எல்லாம் நெட்வொர்க் கேபிள் சொருகும் வகை. ஒன்று, பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் உள் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸோடு பேசுவது. அதைக் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் இன்வெர்ட்டருக்குப் பேட்டரியின் நிலை தெரியாமல் போய் அலாரம் அடிக்கும். ஆர்எஸ்485 என்றோ மாட்பஸ் (அந்த ஒயரில் பேசும் மொழி) என்றோ எழுதியிருப்பதில்தான் நம் வேலை.

ஒரு நெட்வொர்க் கேபிளின் ஒரு முனையை வெட்டி, கையேட்டில் ஏ, பி என்று சொல்லியிருக்கும் இரண்டு பின்களுக்கான ஒயரை மட்டும் அடாப்டரில் திருகுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பின்னை எண்ணுங்கள். ஏ-யும் பி-யும் மாறிப்போனால் எதுவும் எரியாது, பதில் வராது, அவ்வளவுதான். மாற்றித் திருகிப் பாருங்கள். வேகம் பெரும்பாலும் 9600, முகவரி 1.

அடுத்து ரெஜிஸ்டர் எண்கள். இன்வெர்ட்டர் ஒவ்வொரு அளவையும் போட்டு வைத்திருக்கும் பெட்டியின் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் வாட், வீட்டு வாட், பேட்டரி வாட், பேட்டரி சதவீதம், கிரிட் வோல்ட் ஆகிய ஐந்தும் போதும் ஆரம்பத்துக்கு. எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கையேட்டில் 40,101 என்று போட்டிருந்தால் ஹோம் அசிஸ்டன்ட்டில் கொடுக்க வேண்டியது 100 (40,001 என்பதுதான் 0). வோல்ட் 2,314 என்று வந்தால் அது 231.4, ஸ்கேல் 0.1 என்று போட வேண்டும்.

கழித்தல் குறி

எனக்குச் சறுக்கிய இடம் இது. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் இன்வெர்ட்டரில் பேட்டரி வாட் கூட்டல் என்றால் சார்ஜ் ஆகிறது, கழித்தல் என்றால் டிஸ்சார்ஜ் ஆகிறது. பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருந்து, 1,000 வாட்டுக்கு மேல் ஐந்து நிமிடம் சார்ஜ் ஆனால் மோட்டாரைப் போடு, 100-க்குக் கீழே போனால் நிறுத்து என்று ஹோம் அசிஸ்டன்ட்டில் எழுதியிருந்தேன். இரண்டு நாள் பகலில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் ஏறியதும் ஓடியது, இறங்கியதும் நின்றது. சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. நான் தூங்கிவிட்டேன். "ஏப்பா, மாடியில தண்ணி கொட்டுது பாரு" என்று அம்மா எழுப்பியபோது பதினொன்று நாற்பது. பின்பக்கத் தகரத்தில் தண்ணீர் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. பகலிலேயே நிறைந்த தொட்டிக்கு மோட்டார் ஐம்பது நிமிடமாக ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் பேட்டரியிலிருந்து. 58 சதவீதம் இருந்த பேட்டரி 35-க்கு வந்திருந்தது. இரண்டு மணி சுமாருக்கு 20-ஐத் தொட்டு இன்வெர்ட்டர் நின்றது. கரண்ட் வந்தது நான்கு மணிக்கு. ஃபேன் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது. விடியும்வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

காலையில் ஹோம் அசிஸ்டன்ட்டில் பேட்டரி வாட்டின் வரைபடத்தைத் திறந்தேன். கரண்ட் போன நிமிடத்தில் பேட்டரி வாட் 65,236 என்று இருந்தது. மாட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் 0 முதல் 65,535 வரை எழுதலாம். கழித்தல் எண்ணை அனுப்ப இன்வெர்ட்டர் 65,536-லிருந்து அதைக் கழித்து அனுப்புகிறது. கழித்தல் 300 என்பது 65,236 ஆக வரும். சதவீதத்துக்கு எழுதிய வரியைக் காப்பி செய்து பேட்டரி வாட்டுக்கும் ஒட்டியிருந்தேன். அதில் டேட்டா டைப் 'யுஇன்ட்16', அதாவது கழித்தலே இல்லாத எண். பேட்டரி 300 வாட் டிஸ்சார்ஜ் ஆனதை 65,236 வாட் சார்ஜ் ஆகிறது என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டுவிட்டது. பகலில் சார்ஜ் மட்டுமே ஆனதால் பிழை வெளியே தெரியவில்லை.

'யுஇன்ட்16' என்பதை 'இன்ட்16' என்று மாற்றினேன், தீர்ந்தது. பேட்டரி வாட், கிரிட் வாட் இரண்டுக்கும் கட்டாயம் இது வேண்டும். எதையும் தானாக ஓட விடுவதற்கு முன், ராத்திரியில் மெயினை ஆஃப் செய்துவிட்டு எண்களைப் பாருங்கள். கழித்தல் குறி கண்ணில் பட்ட பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மோட்டார்

1 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1,100 வாட் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. 10 ஆம்பியர் ஸ்மார்ட் ரிலேயை நேராக மோட்டாரில் கொடுத்தால் என்றாவது ஒரு நாள் உள்ளே முனைகள் ஒட்டிக்கொள்ளும், ஆஃப் செய்தாலும் நிற்காது. நடுவில் கான்டாக்டர் என்ற, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச் வையுங்கள். ரிலே கான்டாக்டரின் காயிலை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். தொட்டியின் ஃப்ளோட் சுவிட்சை அந்தக் காயில் ஒயரிலேயே தொடராகப் போட்டுவிடுங்கள். என் சாஃப்ட்வேர் என்ன தப்பு செய்தாலும் தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு திருகு சுவிட்ச். அம்மா போனைத் தேடாமல் மோட்டார் போட முடிய வேண்டும்.

நிபந்தனையையும் மாற்றினேன். பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் வாட் பூஜ்யத்துக்கு வந்துவிடும், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும். அதனால் இப்போது பேனல் வாட்டிலிருந்து வீட்டு வாட்டைக் கழித்து 'மிச்சம்' என்று ஒரு சென்சார் வைத்திருக்கிறேன். மிச்சம் 1,300-க்கு மேல் ஐந்து நிமிடம் இருந்தால் மோட்டார் ஓடும். ஓட ஆரம்பித்ததும் மோட்டாரின் 1,100 வாட்டும் வீட்டுக் கணக்கில் சேர்ந்து மிச்சம் 200 ஆகிவிடும். '500-க்குக் கீழே போனால் நிறுத்து' என்று எழுதியிருந்தால் அப்போதே நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும். மோட்டார் தாங்காது. கழித்தல் 300-க்குக் கீழே பத்து நிமிடம் தொடர்ந்தால் நிறுத்து என்று போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை நாளில் வெயிலே வராவிட்டால், மூன்று மணிக்கு எப்படியும் ஒரு முறை ஓடிவிடும்.

ஸ்கூட்டர் சார்ஜருக்கும் இதே முறைதான், 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போதும். வாஷிங் மெஷினை நான் தானாக ஓட விடவில்லை. "இப்போது போடலாம்" என்று அம்மா போனுக்கு ஒரு செய்தி போகும், அவ்வளவே.

ஷட்டவுன் நாட்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்கே நிறுத்துவார்கள் என்று முதல் நாளே செய்தி வந்துவிடும். அன்று ராத்திரி ஒரு பட்டனைத் தட்டினால் பேட்டரியின் ரிசர்வ் (கரண்ட் இருக்கும்போது இதற்குக் கீழே இறக்காதே என்ற அளவு) 20-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏறும்படி வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டருக்குள் எழுதும் வேலை இது ஒன்றுதான். பல இன்வெர்ட்டர்களில் அந்த மெமரிக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. நிமிடத்துக்கு ஒரு முறை எழுதும்படி எதையும் அமைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: ஹோம் அசிஸ்டன்ட்டின் எனர்ஜி டாஷ்போர்டில் எதுவுமே தேர்வு செய்ய வரவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அது யூனிட் கேட்கும், வாட் மட்டும் கொடுத்தால் போதாது. உங்கள் இன்வெர்ட்டரில் இன்றைய உற்பத்தி, இன்றைய சார்ஜ், இன்றைய டிஸ்சார்ஜ் என்று யூனிட் ரெஜிஸ்டர்கள் இருந்தால் அவற்றையே எடுங்கள். இல்லையென்றால் ஹெல்பர் பகுதியில், வாட்டை நேரத்தோடு கூட்டி யூனிட்டாக்கும் இன்டெக்ரல் சென்சார் உருவாக்கி, முறை என்ற இடத்தில் 'லெஃப்ட்' என்று கொடுங்கள். பேட்டரிக்கு சார்ஜ் தனி, டிஸ்சார்ஜ் தனி என்று இரண்டு வேண்டும்.

பின்சேர்க்கை 2: கரண்ட் போனதும் எல்லாம் செத்துவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பேசிப் பார்த்ததில் அவருடைய ரவுட்டரும் ராஸ்பெர்ரி பை-யும் பேக்கப் லைனில் (கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் லைன்) இல்லை. இரண்டையும் அங்கே மாற்றுங்கள். மோட்டார், கீசர், ஏசி மூன்றும் பேக்கப் லைனில் இருக்கவே கூடாது. அன்று ராத்திரி எங்கள் மோட்டார் பேக்கப்பில் இருந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றினேன்.

பின்சேர்க்கை 3: 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று 12-க்கு விழுந்தது என்று ஒரு கடிதம். லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரியின் வோல்ட், நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறவே மாறாது. அதனால் உள்ளே போகும் வரும் ஆம்பியரை எண்ணித்தான் பிஎம்எஸ் சதவீதம் சொல்கிறது. பல நாள் முழுதாகச் சார்ஜ் ஆகாமல் இருந்தால் அந்த எண்ணிக்கை வழுக்கிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் நான் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தேவைப்பட்டால் கிரிடிலிருந்தாவது, 100 வரை ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே விடுகிறேன்.