புள்ளி வைத்த ஸ: ஸ்வரக் குறிப்பு படிக்கப் பழகுவது

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மகளைக் கர்நாடக சங்கீத வகுப்புக்குக் கூட்டிப்போன இடத்தில், வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்துவிட்டேன். டீச்சர் ஸ்வரங்களை நோட்டில் மலையாளத்தில் எழுதிக் கொடுப்பார். மகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறாள், அவளுக்குச் சிக்கல் இல்லை. எனக்குப் பேச வரும். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். அதனால் கோயம்புத்தூர் போனபோது தமிழில் அச்சிட்ட பாடப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஸரிகமபதநி, ஸ்ருதி சேர்வது, ஆதி தாளம் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். அவற்றை விட்டுவிட்டுக் காகிதத்தில் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

1. கட்டம் போட்ட நோட்டு

கணக்குக்கு வாங்குவோமே, அந்த நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை. ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம்: லகு 4, த்ருதம் 2, இன்னொரு த்ருதம் 2. லகு, த்ருதம் என்ற இந்தப் பகுதிகள்தான் அங்கம். ஒவ்வொரு அங்கம் முடியும்போதும் | போடுங்கள், ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிந்தால் ||.

ஸ ரி க ம | ப த | நி ஸ' ||

கடைசி ஸ'-வின் கீற்று மேல் ஸா என்பதற்கு; ஏன் என்று மூன்றாவதில் வரும். பேனா வேண்டாம், பென்சில்தான். போனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. ஸ்ருதிக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன். திரையில் ஓடுகிற ஸ்வரத்தைப் பார்த்துப் பாடினால் கண் பழகுகிறது, கை தாளத்தை மறந்துவிடுகிறது.

2. நீளம்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஆறாம் வகுப்பில் படித்தது இங்கே அப்படியே உதவும். ஸ ஓர் அட்சரம், ஸா இரண்டு. கமா வந்தால் முந்தைய ஸ்வரத்தை இன்னும் ஓர் அட்சரம் இழுக்க வேண்டும். அரைப்புள்ளி வந்தால் இரண்டு. ஆக 'ஸா , ரி' என்பது நாலு அட்சரம். கமாவைப் பார்த்து மூச்சு விடாதீர்கள், அது நிறுத்தற்குறி இல்லை.

எழுத்துகளின் தலைக்கு மேல் ஒரு கோடு ஓடினால் வேகம் இரட்டிப்பு: ஓர் அட்சரத்துக்குள் இரண்டு ஸ்வரம். இரண்டு கோடு என்றால் நாலு.

3. புள்ளி (நான் விழுந்த குழி)

மேல் ஸ்தாயி (ஏழு ஸ்வரத்தின் அடுத்த மேல் அடுக்கு) ஸ்வரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒரு புள்ளி. விதி இவ்வளவுதான். ஆனால் தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? மெய்யெழுத்து ஆகிவிடும்!

ஸரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சி வரை தப்பித்தேன், அது மனப்பாடம். மலஹரி ராகத்தில் முதல் கீதம் தொடங்கியதும் மாட்டிக்கொண்டேன். ரூபக தாளம், 2 + 4. புத்தகத்தில் முதல் வரி இப்படி:

ம ப | த ஸ் ஸ் ரி ||

நான் பாடியது 'மபதஸ்ஸ்ரி'. பாம்பு சீறின மாதிரி. ஆறு அட்சரம் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் வந்தது, தாளம் எங்கோ போய் நின்றது. இரண்டு வாரம் எனக்குத் தாளஞானம் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஸ் இல்ல சேச்சி. மேல் ஸா."

அந்த ரிக்கும் தலையில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். அச்சில் அது ரியின் கொக்கியோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியவில்லை.

மலையாளத்தில் இந்தக் குழப்பம் வராது. அங்கே மெய்க்குப் போடுவது பிறைபோன்ற சந்திரக்கலை. புள்ளி வந்தால் அது ஸ்தாயிதான்.

என் வழி: புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதும்போது புள்ளிக்குப் பதிலாக, மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் பின்னால் ஒரு சின்னக் கீற்று (ஸ'), கீழ் ஸ்தாயிக்கு முன்னால் ('நி). அதே வரி இப்போது:

ம ப | த ஸ' ஸ' ரி' ||

4. எண்கள்

ரி1, க3 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், எண் அந்த ஸ்வரத்தின் வகையைச் சொல்கிறது. ஸ்வரஸ்தானம் பன்னிரண்டு, பெயர்கள் பதினாறு; ரி2-வும் க1-ம் ஒரே இடம்தான். ஸரளி வரிசை பாடுகிற மாயாமாளவகௌளை 15-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்): ஸ ரி1 க3 ம1 ப த1 நி3. பாட்டின் தலைப்பில் ராகம் போட்டிருந்தால் உள்ளே எண் போட மாட்டார்கள், நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

5. காகிதத்தில் இல்லாதது

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது. 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தெலுங்கு லிபியில் வெளியிட்ட சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினியில் கமகத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. நான் வாங்கிய புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. அதை டீச்சர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும்.

பின்சேர்க்கை: போனில் மேல் ஸாவைத் தட்டினால் ஸ் தனியாக, துணைக்கால் தனியாக ஒரு வட்டத்தோடு வந்து நிற்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். புள்ளி வைத்த எழுத்தோடு துணைக்கால் சேராது. அங்கேயும் கீற்றுதான்: ஸா'. இன்னொருவர் 'க'வை 'ka' போலவே பாடிக்கொண்டிருந்தாராம். காந்தாரத்தின் க அது. 'கங்கை'யின் முதல் எழுத்துப்போல ஒலிக்க வேண்டும். த-வும் தைவதத்தின் த, செல்வம் என்ற பொருளுள்ள 'தனம்' என்பதில் வருவது.