பூட்டிக் கெடந்த பழைய வண்டிக்கு கார்பரேட்டர் கழுவி பெட்ரோல் டியூப் மாத்துறப்போ செய்யக் கூடாதது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுங்கள்ல பின்கட்டு ஓரமா ஒரு பழைய புல்லட்டோ யெஸ்டியோ ராஜ்தூத்தோ சாக்கு போர்த்தி நிக்கிறதை நெறைய பாக்கலாம். வீட்டுக்காரங்க வெளியூர்ல இருப்பாங்க, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து வீட்டைத் தொறக்குறப்போ பசங்க "ஐயா ஓட்டுன வண்டி, இந்தத் தடவ ஸ்டார்ட் பண்ணியே ஆகணும்"னு ஆசைப்படுவாங்க. நல்ல ஆசைதான். ஆனா உடனே ரெண்டு லிட்டர் புது பெட்ரோல ஊத்தி கிக்கர மிதிக்கிறாங்க பாருங்க, அதுதான் மொதத் தப்பு. டேங்குக்குள்ள இருக்குற துருவும் பழைய பெட்ரோல் காஞ்ச பிசினும் கெளம்பி, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்பரேட்டருக்குள்ள நேரா எறங்கிடும். மூடியத் தொறந்து மோந்து பாருங்க, வார்னிஷ் மாதிரி வாடை வந்தா அந்தப் பெட்ரோல் ஒரு சொட்டுகூட எஞ்சின் பக்கம் போகக் கூடாது. யெஸ்டி, ராஜ்தூத் எல்லாம் டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓடுன வண்டி, அதனால பெட்ரோல் ஆவியாப் போனாலும் ஆயில் பிசுக்கா அடியில தங்கியிருக்கும்.

அடுத்தது, கார்பரேட்டர மட்டும் கழட்டி பளபளன்னு கழுவி மாட்டிட்டு டேங்க், காக் (டேங்குக்குக் கீழ பெட்ரோலத் தொறந்து மூடுற குழாய்), டியூப் எதையும் தொடாம விடுறது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ரெண்டு தெரு ஓடும், திரும்ப அடைச்சுக்கும், உடனே கார்பரேட்டரே போச்சுன்னு புதுசு வாங்கக் கெளம்பிடுவாங்க. அழுக்கு மேலருந்து கீழ வருது, அதனால வேலையும் மேலருந்துதான் ஆரம்பிக்கணும், மொதல்ல டேங்க், அப்புறம் காக்கும் அதுக்குள்ள இருக்குற வலையும், அப்புறம் டியூப், கடைசியாத்தான் கார்பரேட்டர்.

வேலைய எங்க வச்சுப் பண்றீங்கங்கறதும் முக்கியம். நெழலா இருக்கேன்னு முற்றத்துல வச்சுக் கழட்டுறாங்க. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தாழ்வான எடத்துலதான் போய் தேங்கும், நம்ம முற்றமோ சுத்தியிருக்குற தரைய விட பள்ளம், பக்கத்துலயே அடுப்போ சாமி வெளக்கோ எரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மழைத்தண்ணி எறங்குற எடமும் அதுதான், பழைய பெட்ரோல அங்க கொட்டவே கூடாது. இன்னொண்ணு, ஆத்தங்குடி கல்லு சிமெண்ட்ல செஞ்சது, எண்ணெயும் கிளீனரும் உள்ள எறங்கிட்டா கறை லேசுல போகாது. வெளிய மரத்தடியில வைங்க, பேட்டரி ஒயர மொதல்ல கழட்டிடுங்க.

இப்ப கார்பரேட்டர். பெட்ரோல அளந்து விடுற ஜெட்டோட ஓட்டைய குண்டூசி, சேஃப்டி பின், கம்பின்னு கெடச்சதால குத்துறதுதான் இருக்குறதுலயே பெரிய கொடுமை. ஜெட் பித்தளை, ஊசி எஃகு, எது தேயும்னு சொல்லணுமா? அந்த ஓட்டை வழியா எவ்வளவு பெட்ரோல் போகணும்னு கணக்குப் பண்ணித்தான் ஜெட்டுக்கு நம்பரே போடுறாங்க. ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் பெட்ரோல் கூடுதலா எறங்கி பிளக் கறுப்பாகும், பொகை வரும், மைலேஜ் விழும், அதுக்கப்புறம் எத்தன தடவ டியூனிங் பண்ணாலும் சரியா வராது. கார்பரேட்டர் கிளீனர அடிச்சு ஊற விடுங்க, அப்புறம் காத்தடிங்க, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க, வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா திரும்ப ஊற வைங்க. அதுக்கும் மசியலன்னா புது ஜெட் வாங்குங்க, அந்தக் காசுக்குப் பாத்து வண்டியக் கெடுத்துக்காதீங்க. ஐடிலிங்குக்கு பெட்ரோல் விடுற பைலட் ஜெட்டுதான் ரொம்பச் சின்ன ஓட்டை, மொதல்ல அடைக்கிறதும் அதுதான், ஐடிலிங்ல நிக்காம ஆஃப் ஆகுற வண்டியில முக்காவாசி காரணம் இதா இருக்கும்.

ஓ ரிங், பேக்கிங், பெட்ரோல்ல மெதக்குற ஃப்ளோட் இதையெல்லாம் கழட்டாம முழு கார்பரேட்டரையும் தின்னர்ல முக்கி வைக்காதீங்க, ரப்பர் ஊதிப் போய் திரும்ப அந்தப் பள்ளத்துல உக்காராது. பித்தளை ஃப்ளோட்டா இருந்தா காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள சளக் சளக்குன்னா ஓட்டை. சுடுதண்ணியில முக்குனா குமிழி வர்ற எடத்துல ஓட்டை தெரிஞ்சிடும், ஆனா உள்ள பெட்ரோல் இருக்குறப்போ ஓட்டைய அடைக்க ஈயம் பத்த வைக்கிறேன்னு மட்டும் கெளம்பாதீங்க.

காத்து அளவ சரி பண்ற ஏர் ஸ்க்ரூவக் கழட்டுறதுக்கு முன்னாடி அதை மெதுவா உள்ள திருகி எத்தன சுத்துல உக்காருதுன்னு எண்ணி எழுதி வைங்க. ஸ்லைடுல தொங்குற நீடில்ல கிளிப் எந்த வெட்டுல இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க. திரும்ப மாட்டுறப்போ ஏர் ஸ்க்ரூவ இறுக்கித் திருகுனா கூர் நசுங்கும், உக்கார்ற எடமும் போயிடும். அதே மாதிரி புல்லட்ல கார்பரேட்டர ஹெட்டோட சேக்குற நட்ட பலங்கொண்ட மட்டும் இறுக்குறாங்க, அந்த முகம் வளைஞ்சு ஓரத்துல காத்து இழுக்கும், உள்ள ஏறி எறங்குற ஸ்லைடும் மாட்டிக்கும். லீக் இருந்தா பேக்கிங்க மாத்துங்க. சிலிகான் பேஸ்ட அப்புறது வேண்டவே வேண்டாம், பெட்ரோல் பட்டா அது பிஞ்சு துணுக்கு துணுக்கா ஜெட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

கார்பரேட்டர் அடியில இருக்குற ஃப்ளோட் கிண்ணத்துல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருந்தா தண்ணி தேங்கி உலோகம் அரிச்சிருக்குன்னு அர்த்தம். (அரிப்பு பத்தி ஆராய்ச்சி பண்ற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953லருந்து நம்ம காரைக்குடியிலயே இருக்கு, நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புது விஷயம் இல்ல.) இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, அது காத்துல இருக்குற ஈரத்தயும் இழுத்துக்கும், பழைய காலத்து ரப்பரயும் கெடுக்கும். வண்டிய மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா காக்க மூடி, கிண்ணத்துல இருக்குறதை வடிச்சிட்டுப் போங்க.

டியூப் விஷயத்துல ஜனங்க காட்டுற அலட்சியம்தான் எனக்கு பயமா இருக்கு. மீன் தொட்டிக்கு விக்கிற, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப வாங்கி மாட்டிடுறாங்க, அது கொஞ்ச நாள்லயே மஞ்சளாகி வெறைச்சு வெடிக்கும், வெடிச்சா பெட்ரோல் சொட்டுறது கொதிக்கிற எஞ்சின் மேல. எத்தனால் தாங்குற பெட்ரோல் டியூப்னு கேட்டு வாங்குங்க, உள் அளவு காக் மூக்குக்குச் சரியா இருக்கணும். பழசைக் கழட்டுறப்போ முறுக்கி இழுத்தா காக் மூக்கே ஒடைஞ்சு வந்துடும், பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுங்க. புது டியூப ரம்பத்தால அறுத்தா தூள் உள்ள விழும், கூரான கத்தியால வெட்டி ஊதிட்டு மாட்டுங்க, ஏறலன்னா முனைய சுடுதண்ணியில முக்குங்க, கிரீஸ் தடவாதீங்க. நீளம் கூடிப் போய் தொங்குனா அந்த வளைவுல காத்து மாட்டிக்கும், இந்த வண்டிங்கள்ல பெட்ரோல் தானா கீழ எறங்குறதுதான, தள்ளி விட பம்ப் கெடையாது. இதே காரணத்துக்காகத்தான் காருக்கு வர்ற பெரிய ஃபில்டரயும் நடுவுல சொருகாதீங்க.

எல்லாம் மாட்டுனதும் உடனே மிதிக்காம காக்க மட்டும் தொறந்து, கீழ பேப்பர விரிச்சு கொஞ்ச நேரம் பாருங்க. ஈரம் பட்டா டியூப் கிளிப்பையும், கிண்ணம் நெறஞ்சதும் பெட்ரோல அடைக்கிற ஃப்ளோட் ஊசியையும் திரும்பப் பாக்கணும். சொட்டலன்னா கானாடுகாத்தான்லருந்து பள்ளத்தூர் வழியா கோட்டையூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்குறப்பவே மூச்சு திணறி நின்னா மறுபடியும் கார்பரேட்டர கழட்டாதீங்க, டேங்க் மூடியத் தொறங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள போய் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆனா மூடியில இருக்குற காத்து ஓட்டைதான் அடைச்சிருக்கு.